திம்பம் ஏறினால் மட்டும் ஹீட் ஆகும் பழைய பிக்கப்: ஹெட்டை இறக்கலாமா?

பிப்ரவரி 4, மாலை (கேள்வி)

2008 மாடல் பிக்கப். 2.5 லிட்டர் டர்போ டீசல், ஏசி கிடையாது. சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்கு மாட்டுத் தீவனம் ஏற்றிப் போவேன், வரும்போது முட்டைக்கோஸ், பீட்ரூட் என்று கிடைத்ததை ஏற்றி வருவேன். மலையடிவாரத்தில் இருக்கும் பண்ணாரி வரைக்கும் ஹீட் மீட்டர் முள் பாதியிலேயே நிற்கிறது. திம்பம் மலையில் பாதி வளைவு தாண்டுவதற்குள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டாச்சு. வாட்டர் பம்ப் புதுசு மாட்டியாச்சு. ஒன்றும் மாறவில்லை. இப்போது மெக்கானிக், ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கிடலாம் என்கிறார். செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இறக்கலாமா அண்ணா?

பிப்ரவரி 4, இரவு

இறக்க வேண்டாம். இப்போதைக்கு.

என்னிடமும் இதே வயது வண்டிதான் இருக்கிறது, இதே மலைதான் ஏறுகிறேன். ஹீட் பிரச்சினையில் எந்தப் பாகத்தை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன் எப்போது ஹீட் ஆகிறது என்று பார்க்க வேண்டும். நின்றபடி ஓடும்போதா, டவுன் நெரிசலிலா, பைபாஸில் எண்பதிலா, மலையிலா, காலையில் ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்திலா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குற்றவாளி. நெரிசலில் மட்டும் ஏறினால் காற்று போதவில்லை, ஃபேன் பக்கம் பார்க்கணும். வேகத்தில் மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை, ரேடியேட்டர் உள்ளே பார்க்கணும். மலை என்றால் இரண்டுமாக இருக்கலாம், அதுதான் சிக்கல்.

நான்கு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் தம்பி. தண்ணீர் குறைகிறதா? டிப் ஸ்டிக்கில் ஆயில் என்ன நிறம்? காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிஷத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கினால் கல்லாக இருக்கிறதா? மலையில் எந்த கியரில் ஏறுகிறீர்கள்?

பிப்ரவரி 5, காலை

கேஸ்கட் போனால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லா ஹீட்டுக்கும் அதன் தலையிலேயே பழியைப் போட்டுவிடுவார்கள்.

சிலிண்டருக்குள் எரிகிற வாயு பழைய கேஸ்கட் வழியாகத் தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்துவிடும். அதனால் இன்ஜின் சூடாவதற்கு முன்பே ஹோஸ் விறைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் வாயைத் திறந்து வைத்து (குளிர்ந்த வண்டியில் மட்டும்) ஸ்டார்ட் பண்ணினால் குமிழி வந்துகொண்டே இருக்கும், ரைஸ் கொடுத்தால் (ஆக்ஸிலேட்டரை அமுக்கினால்) இன்னும் வேகமாக வரும். தண்ணீர் எங்கே போகிறதென்றே தெரியாமல் குறையும். தண்ணீர் ஆயிலில் கலந்தால் டிப் ஸ்டிக்கில் வருவது டீக்கடைப் பால் டீ நிறத்தில் இருக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை வந்துகொண்டே இருக்கும். எல்லாம் சேர்ந்து வராது, ஆனால் ஒன்றுகூட இல்லாமல் கேஸ்கட் போவது அபூர்வம்.

ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு குப்பி இருக்கிறது. உள்ளே நீல திரவம். எரிந்த வாயுவில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு பட்டால் நிறம் மாறும். பெரிய ஊர்களில் சில பட்டறைகளில் வைத்திருக்கிறார்கள். ஹெட்டை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமேயில்லை.

பிப்ரவரி 5, மதியம்

தெர்மோஸ்டாட் விஷயம். இதைப் பற்றித் தனியாகத் திட்டினால்தான் எனக்கு ஆறும்.

ஹீட் என்று சொன்னதும் நம் ஊர்ப் பட்டறையில் முதல் வேலை அதைக் கழற்றி ஜன்னல் மேல் வைப்பது. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குங்க, அதெல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு" என்பார்கள். உள்ளே மெழுகு இருக்கும் சின்ன வால்வு அது. பல டீசல்களில் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கி 95 பக்கத்தில் முழுசாகத் திறக்கும். மூடியிருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் என்ற குறுக்குப் பாதை வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். திறக்கும்போது, பல வகைகளில், கீழே இருக்கும் தட்டு அந்த பைபாஸை அடைக்கும்.

அதைக் கழற்றினால் என்ன ஆகும்? பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். ரேடியேட்டருக்குப் போக வேண்டிய சுடுதண்ணீரில் ஒரு பங்கு குறுக்கு வழியில் திரும்ப இன்ஜினுக்கே வந்துவிடும். சமவெளியில் வண்டி சூடே ஆகாது, டீசல் கூடக் குடிக்கும், சிலிண்டர் தேயும். மலையில் முழுக் குளிர்ச்சி தேவைப்படும் நேரத்தில் பாதி குளிர்ச்சிதான் கிடைக்கும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

வால்வு நல்லதா கெட்டதா என்று பார்க்க வேண்டுமென்றால் நூலில் கட்டிச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. தண்ணீர் கொதிக்கும் முன்பே திறந்துவிட வேண்டும். வீட்டில் கேட்டுவிட்டுப் பாத்திரத்தை எடுங்கள்.

பிப்ரவரி 6

மதுரைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "கூலண்ட் எல்லாம் கம்பெனிக்காரன் ஏமாத்து வேலை. சும்மா தண்ணிதான் சூட்டை அதிகம் இழுக்கும்."

இரண்டாவது வாக்கியம் உண்மை. ஒரு கிலோ தண்ணீர் இழுக்கும் அளவு சூட்டை ஒரு கிலோ கூலண்ட் (கிளைகால்) கலவை இழுக்காது. ஆனால் சூடு இழுப்பது மட்டுமே வேலை இல்லையே. கொதிக்காமலும் இருக்க வேண்டும், துருப்பிடிக்காமலும் இருக்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் தரைமட்டத்தில் 100-ல் கொதிக்கும். திம்பம் ஆயிரம் மீட்டருக்கு மேலே, அங்கே 96, 97-லேயே கொதிக்கும். ஊட்டி உயரத்தில் 93-க்கும் கீழே. ரேடியேட்டர் மூடி நல்லதாக இருந்து 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கினால் அதே தண்ணீர் தரைமட்டத்தில் 118 பக்கம் போகும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து மூடியும் நல்லதாக இருந்தால் 125-ஐ ஒட்டி. இந்த இருபத்துச் சொச்சம் டிகிரிதான் மலையில் நம்மைக் காப்பாற்றுவது.

அதாவது மூடி வெறும் மூடியில்லை. இருநூறு, முந்நூறு ரூபாய்ச் சாமான் என்று யாரும் அதைப் பார்ப்பதில்லை. ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ மாற்றுங்கள். மாற்றும்போது மேலே அச்சடித்திருக்கும் அழுத்த எண்ணைப் பழசோடு ஒப்பிட்டு வாங்குங்கள். "இதுவும் மாட்டும்" என்று கடைக்காரர் கொடுப்பார். எந்த மூடியும் மாட்டத்தான் செய்யும்.

இன்னொன்று, "தண்ணி" என்றால் எந்தத் தண்ணி? நம் பக்கம் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக அப்பிக்கொள்ளும். அதேதான் ரேடியேட்டர் ட்யூபுக்குள்ளும் நடக்கிறது. குறைந்த தண்ணீரை ஈடுகட்ட ஊற்றும்போதெல்லாம் கொஞ்சம் சுண்ணாம்பையும் சேர்த்துத்தான் ஊற்றுகிறோம்.

பிப்ரவரி 7

தம்பியின் பதில் வந்திருக்கிறது. அப்படியே போடுகிறேன்:

"தண்ணி பெருசா குறையலை அண்ணா. ஆயில் கருப்பாத்தான் இருக்கு. காலையில ஹோஸ் மெத்துனு இருக்கு. மூணாவது கியர்ல இழுத்துட்டே போனா முள் மெதுவா ஏறுது. சூடு ஏறுதேன்னு ரெண்டாவதுக்கு மாத்தி ரைஸ் கொடுத்தா இன்னும் சீக்கிரம் ஏறுது. ஓரமா நிறுத்தி ரைஸ் கொடுக்காம ஐடியல்ல விட்டா கொஞ்ச நேரத்துல இறங்கிடுது. ராத்திரி ஆறினப்புறம் பார்த்தா மேல் ஹோஸ் சப்பையா ஒட்டிக்கிடக்கு."

முதல் மூன்று வரியிலேயே கேஸ்கட் ஏறத்தாழ விடுதலை. நான் கவனித்தது நாலாவது வரியை. அதை நாளைக்கு எழுதுகிறேன், இப்போது லோடு இறக்கணும்.

பிப்ரவரி 8

சரி, நாலாவது வரி.

மலையில் மூன்றாவது கியரில் திணறத் திணற ஓட்டினால் சூடு ஏறும். இரண்டாவதுக்கு மாற்றினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும். அதோடு பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும், தண்ணீரும் காற்றும் கூடும், சூடு இறங்க வேண்டும். ஓட்டத் தெரிந்த எந்த டிரைவரும் இதைத்தான் செய்வார். உங்கள் வண்டியில் தலைகீழாக நடக்கிறது. பம்ப் வேகமாகச் சுற்றினால் ஏதோ ஒன்று கெடுகிறது. ஐடியலுக்கு வந்தால் சரியாகிறது.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் இப்போதே சொன்னால் நேராக அதை மட்டும் மாற்றிவிட்டு வந்து நிற்பீர்கள். முதலில் மூடியைப் பாருங்கள். ராத்திரி ஹோஸ் சப்பையாவது மூடியின் வேலை. மூடியில் இரண்டு வால்வு உண்டு. பெரியது அழுத்தம் கூடினால் திறந்து தண்ணீரைப் பக்கத்தில் இருக்கும் ரிசர்வ் டப்பாவுக்குத் தள்ளும். நடுவில் இருக்கும் சின்னது, ஆறும்போது டப்பாவிலிருந்து திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். சின்னது ஒட்டிக்கொண்டால் உள்ளே வெற்றிடமாகி ஹோஸ் சப்பையாகும். விரல் நகத்தால் அந்தச் சின்ன தட்டை இழுத்துப் பாருங்கள். நகர வேண்டும்.

பிப்ரவரி 8, இரவு

யாரோ ஓரமாக நிறுத்தி ஆற்றிவிட்டு ஏறினால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ரோட்டில் போயிருக்கிறீர்களா? 27 கொண்டை ஊசி, புலிகள் காப்பகம். வளைவுக்கு வளைவு லாரி திரும்ப இடம் பார்த்துக்கொண்டு நிற்கும். மேலே போனால் ஆசனூர் பக்கம் யானைகள் கரும்பு லாரியை மறித்துச் சாப்பிடப் பழகிவிட்டன. தீவன மூட்டை வாசனையோடு பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் இன்ஜினை உடனே அணைக்க வேண்டாம். தண்ணீர் கொட்டாமல் இருந்தால் ஐடியலில் விடுங்கள். மூடியைத் தொடவே தொடாதீர்கள், கோணிச்சாக்கு போட்டும் தொடாதீர்கள். திறந்த நொடியில் அழுத்தம் போய் உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு வரும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வெடித்த ஹெட்டுக்கு வெல்டிங் வைக்கும் பட்டறைகளுக்கு அவர்கள்தான் வாடிக்கையாளர்கள்.

பிப்ரவரி 9

வண்டி முகப்பை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தது. தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கிரில்லுக்கு முன்னால் இரும்பு கார்டு. கார்டின் நடுவில் குலசாமி பேர் எழுதிய தகரப் பலகை. அதற்குக் கீழே இரண்டு மஞ்சள் விளக்கு. மேலே காய்ந்த மாலை, திருஷ்டி எலுமிச்சை, படிகாரம். போன ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றின் நார் இன்னும் கம்பியில் தொங்குகிறது. சாமி காப்பாற்றுவார், ஆனால் ரேடியேட்டருக்குக் காற்று வர வழி விட்டால் அவருக்கும் வேலை குறையும். பலகையைக் கழற்றி கேபின் மேல் மாட்டுங்கள். அங்கே இன்னும் கம்பீரமாக இருக்கும்.

பிறகு ரேடியேட்டர் ஜல்லடையைப் பின்பக்கமிருந்து, அதாவது ஃபேன் பக்கமிருந்து முன்னால் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். முன்னாலிருந்து அடித்தால் பூச்சியும் வைக்கோல் தூசியும் இன்னும் உள்ளே போய் இறுகும். கார் வாஷ் பிரஷரைப் பக்கத்தில் வைத்து அடித்தால் ஃபின் எல்லாம் மடங்கிவிடும், தள்ளி நின்று அடியுங்கள்.

போட்டோவில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கவரின் மேல் பாதியைக் காணோம். பம்ப் மாற்றும்போது கழற்றியிருப்பார்கள், திரும்ப மாட்ட போல்ட்டு கிடைத்திருக்காது. அந்தக் கவர் இல்லாவிட்டால் ஃபேன் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் வழியாக இழுக்காது. பட்டறைக்குப் போய்த் தேடிப் பாருங்கள், ஏதாவது மூலையில் ஆயில் டின்னுக்கு அடியில் கிடக்கும்.

பிப்ரவரி 10

கிடைத்துவிட்டதாம். அதன் மேல் நட்டு போட்டு வைத்திருந்தார்களாம்.

பிப்ரவரி 11

ஃபேன் கிளட்ச் பற்றி. இந்த வண்டிகளில் ஃபேன் நேரடியாகப் புல்லியில் மாட்டியிருக்காது, நடுவில் சிலிக்கான் ஆயில் நிரம்பிய கிளட்ச் இருக்கும். முன்னால் இருக்கும் பைமெட்டல் சுருள் ரேடியேட்டர் வழியாக வரும் சூடான காற்று பட்டுத் திரும்பினால் ஃபேன் கெட்டியாகப் பிடித்துச் சுற்றும். அப்போது இரைச்சல் கேட்கும். மலையில் அந்த இரைச்சல் கேட்கிறதா?

வண்டி நன்றாகச் சூடான பிறகு இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இழுவையோடு சுற்றி உடனே நிற்க வேண்டும். காற்றாடியாய்ச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆயில் போய்விட்டது. கிளட்ச் முகத்தில் ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்தாலும் அதே அர்த்தம். ஓடும் ஃபேனைப் பேப்பர் சுருட்டி நிறுத்திப் பார்க்கும் வித்தை ஒன்று வீடியோக்களில் சுற்றுகிறது. விரலுக்கு ஆசை இருந்தால் செய்யாதீர்கள்.

சிலர் கிளட்சுக்கே வெல்டு வைத்துவிடுவார்கள். ஹீட் குறையும், உண்மைதான். இன்ஜின் எப்போதும் அந்த ஃபேனைச் சுமந்துகொண்டே ஓடும், டீசல் போகும், வேகத்தில் பம்ப் பேரிங்குக்கும் சுமை. வழியில் மாட்டிக்கொண்டவர்கள் வீடு வந்து சேர அது போதும், அதற்கு மேல் வேண்டாம்.

பிப்ரவரி 12

தம்பி சொல்கிறார்: இரைச்சல் கேட்கிறது, கையால் சுற்றினால் இழுவை இருக்கிறது. அப்போ ஃபேன் நல்லது.

சூட்டை அளக்கத் துப்பாக்கி தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னதற்கு, கொரோனா சமயத்தில் மளிகைக் கடைக்கு வாங்கியதை எடுத்து ரேடியேட்டரில் காட்டியிருக்கிறார். "ஹை, ஹைன்னே காட்டுது அண்ணா, ரொம்ப சூடு போல." அது நெற்றிக்குக் காட்டுவது தம்பி. 43-ஐத் தாண்டினால் அதற்குக் கணக்குத் தெரியாது. உங்கள் ரேடியேட்டருக்குக் காய்ச்சல் உறுதி, அவ்வளவுதான் அது சொல்கிறது. ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வகை வேண்டும், ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள்.

பிப்ரவரி 14

சரியான துப்பாக்கி கிடைத்து அளந்திருக்கிறார். நன்றாகச் சூடான வண்டி, நின்றபடி கொஞ்சம் ரைஸில்: ரேடியேட்டர் மேல் டாங்க் 94. கீழ் டாங்க் 58. நடு ஜல்லடையில் இடது பக்கம் 80 சொச்சம், வலது ஓரத்தில் 45.

ஒரு எச்சரிக்கை. பளபளக்கும் அலுமினியத்திலும் பித்தளையிலும் அந்தத் துப்பாக்கி குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் காட்டுங்கள். அதையும் சொல்லி மறுபடி அளக்கச் சொன்னேன், பெரிய மாற்றம் இல்லை.

இதற்கு அர்த்தம்: தண்ணீர் மெதுவாக ஊர்கிறது. வேகமாக ஓடினால் மேலுக்கும் கீழுக்கும் இவ்வளவு வித்தியாசம் வராது. வலது ஓரம் குளிர்ந்து கிடப்பது அந்தப் பக்க ட்யூபுகளில் தண்ணீரே போகவில்லை என்பதால்.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்கணும், இல்லாவிட்டால் வேறு யாராவது அப்படியே எடுத்துக்கொள்வார்கள். தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில், அது பாதி திறந்திருக்கும்போது, மேலுக்கும் கீழுக்கும் பெரிய வித்தியாசம் வருவது இயல்பு. அதை வைத்து ரேடியேட்டர் அடைப்பு என்று முடிவு பண்ணாதீர்கள். தம்பி வண்டியில் தெர்மோஸ்டாட்டே இல்லை, அதனால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கிறது. கழற்றிப் போட்டதால் கிடைத்த ஒரே லாபம் இதுதான்.

பிப்ரவரி 16

இப்போது என் சந்தேகத்தைச் சொல்கிறேன். அடைத்த ரேடியேட்டர் மட்டும் என்றால் மூன்றாவது கியரிலும் இரண்டாவதிலும் ஒரே மாதிரிதான் தடுமாற வேண்டும். ரைஸ் கொடுத்தால் மோசமாவது ஏன்?

கீழ் ஹோஸ். பம்ப் தண்ணீரைத் தள்ளுவதை நினைக்கிறோம், உறிஞ்சுவதை நினைப்பதில்லை. ரேடியேட்டரின் கீழ்ப் பக்கத்திலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸில் எப்போதும் உறிஞ்சல் இருக்கும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் பம்ப் கேட்கும் தண்ணீர் வராது. மூடியும் அழுத்தம் பிடிக்காவிட்டால் அந்த ஹோஸ் உள்பக்கமாக இழுக்கப்படும். ரப்பர் பழசாகி இளகியிருந்தால் சுவர் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் நின்றுவிடும். ஐடியலுக்கு வந்தால் விரிந்துவிடும். நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால் ஹோஸ் சாதுவாக இருக்கும். அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

சோதனை: வண்டியைச் சூடாக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து மெதுவாக ரைஸ் கொடுத்து 3000 ஆர்பிஎம் பக்கம் பிடிக்க வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று டார்ச் அடித்துக் கீழ் ஹோஸைப் பார்க்க வேண்டும். துண்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், லுங்கி வேண்டாம். ஃபேனுக்கு நேராக நிற்க வேண்டாம். செல்போனைக் குச்சியில் கட்டி வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது.

பிப்ரவரி 17, இரவு

வீடியோ வந்தது. வளைவுக்குக் கொஞ்சம் கீழே, கிளாம்ப்புக்கு நாலு விரல் தள்ளி, ஹோஸின் பக்கத்தில் முதலில் ஒரு குழி விழுகிறது. ரைஸ் கூடக்கூட அந்தக் குழி நீண்டு கட்டைவிரல் அகலத்துக்குப் பள்ளமாகி, சட்டென்று முழுசும் தட்டையாகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஒரு உதறலோடு உருண்டையாகிவிடுகிறது. அவர் அப்பாதான் டார்ச் பிடித்திருக்கிறார், வீடியோவில் அவர் சொல்வது இங்கே எழுதக் கூடாதது.

பிப்ரவரி 18

பம்ப் மாற்றியபோது மாட்டிய கீழ் ஹோஸ் இது. பழைய ஹோஸில் உள்ளே கம்பிச் சுருள் இருந்திருக்கும், துருப்பிடித்து நொறுங்கியிருந்ததால் தூக்கிப் போட்டிருப்பார்கள். புது ஹோஸில் சுருள் வரவில்லை.

"அந்த ஸ்பிரிங் தொழிற்சாலையில் வெற்றிடம் வைத்துக் கூலண்ட் நிரப்பும்போது ஹோஸ் ஒட்டாமல் இருக்கத்தான், ஓட்டத்தில் அதற்கு வேலை இல்லை" என்று கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் வாதிடுகிறார். சில ஹோஸ் தயாரிப்பாளர்களும் இதையே சொல்கிறார்கள், நானும் படித்திருக்கிறேன். சுவர் கெட்டியான, வார்த்த ஹோஸ், அடைப்பில்லாத ரேடியேட்டர், நல்ல மூடி, இந்த மூன்றும் இருந்தால் அவர் சொல்வது சரி. இந்த வண்டியில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஹோஸ் தட்டையாவது நோயின் அடையாளம் என்றுதான் நானும் சொல்வேன். ஸ்பிரிங் போட்ட ஹோஸை மட்டும் மாட்டிவிட்டு ரேடியேட்டரை விட்டால், சூடு குறையும், ஆனால் மே மாத வெயிலில் மறுபடி இங்கேயே வந்து எழுதுவார்.

நண்பர் பதில்: "அப்போ நான் சொன்னது சரிதானே?" சரிதான் ஐயா. டீ என் கணக்கில்.

பிப்ரவரி 21

ரேடியேட்டர் பட்டறைக்கு நானும் கூடப் போனேன். பார்க்கப் பிடிக்கும்.

செம்பு ட்யூப், பித்தளை டாங்க் வகை என்பதால் பிரிக்க முடிந்தது. ப்ளோ லாம்ப்பால் ஓரமெல்லாம் சூடுகாட்டி ஈயத்தை இளக்கி மேல் டாங்கைத் தூக்கினார் பெரியவர். உள்ளே வரிசையாக ட்யூப் வாய்கள் தெரிய வேண்டும். இடது பக்கம் தெரிந்தது. வலது பக்கம் சாம்பல் வெள்ளையாக ஒரே பூச்சு, வாய் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. சைக்கிள் ஸ்போக்கைவிட மெல்லிய தட்டையான கம்பியை ஒவ்வொரு ட்யூபிலும் விட்டு மேலும் கீழும் இழுக்க, ஈரச் சுண்ணாம்பும் துருவும் கலந்து வந்தது. பச்சையும் சிவப்பும் கலந்த கொழகொழப்பு வேறு. முன்பு ஊற்றிய பச்சைக் கூலண்ட் மேல் வேறு வகைச் சிவப்பை யாரோ ஊற்றியிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத வகைகளைக் கலந்தால் இப்படித் திரிந்து கூழாகலாம். நிறத்தை நம்பாமல் டப்பாவில் எழுதியிருக்கும் வகையைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் முழுசாக வடித்துக் கழுவிவிட்டு ஒரே வகையை ஊற்றுங்கள்.

ராடு விட்டபின் டாங்கைப் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று அடித்துக் குமிழி பார்த்தார். இரண்டு இடத்தில் வந்தது, அடைத்தார். புது மாடல்களில் வரும் அலுமினியம், பிளாஸ்டிக் டாங்க் ரேடியேட்டருக்கு இந்த வைத்தியம் கிடையாது, பெரும்பாலும் புதுசுதான்.

பிப்ரவரி 22

சொல்ல விட்டுப்போனது. இந்த வண்டி இழுவைக்காக டீசல் பம்பில் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டிருக்கிறார்கள், தம்பி வாங்குவதற்கு முன்பே. மலையில் கருப்புப் புகை அதனால்தான். எரித்த டீசலின் சூட்டில் ஏறத்தாழ கால் பங்கு கூலண்ட் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். கூட ஊற்றினால் கூடச் சூடு, அதே ரேடியேட்டர். பம்ப் கடையில் பழைய அளவுக்கு வைத்தால் நல்லது. "இழுவை போயிடும் அண்ணா" என்கிறார். போகும், கொஞ்சம். அவர் வண்டி, அவர் முடிவு.

பின் சக்கர பிரேக் உரசுகிறதா என்றும் ஜாக்கி வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரு பக்கம் லேசாகப் பிடித்திருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் துரு. சிறிய விஷயம், ஆனால் லோடோடு மலை ஏறும்போது அதையும் சேர்த்துத்தான் இன்ஜின் இழுக்கிறது.

பிப்ரவரி 24

எல்லாம் மாட்டியாச்சு: ராடு விட்ட ரேடியேட்டர், சுருள் போட்ட கீழ் ஹோஸ், புது மூடி, 82 டிகிரி தெர்மோஸ்டாட், ஃபேன் கவர். கூலண்ட் பாதி, பேட்டரித் தண்ணீர் (ஆசிட் இல்லை, டிஸ்டில்டு வாட்டர்) பாதி.

நிரப்பும்போது காற்று எடுக்கணும். வண்டி மூக்கு மேலே இருக்கும்படி மேட்டில் நிறுத்தி, மூடி திறந்து, மெதுவாக ஊற்றி, ஐடியலில் விடுங்கள். தெர்மோஸ்டாட்டில் சின்ன துளையும் அதில் ஆடும் முள்ளும் இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று அதன் வழியாகத்தான் தப்பிக்கும். தெர்மோஸ்டாட் திறந்ததும் தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது மறுபடி ஊற்ற வேண்டும். காற்று உள்ளே தங்கினால் புது ரேடியேட்டரோடும் ஹீட் ஆகும், எல்லாரும் மறுபடி கேஸ்கட் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

பிப்ரவரி 27

முழு லோடு தீவனம், மதிய வெயில், இரண்டாவது கியர். முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏறி அங்கேயே நின்றதாம். திம்பம் உச்சியில் டீ குடித்த போட்டோ வந்திருக்கிறது. பலகையைக் கேபின் மேல் மாட்டியிருக்கிறார்.

மார்ச் 2

"அண்ணா, ராத்திரி ஹெட்லைட் போட்டதும் முள் கொஞ்சம் ஏறுது. அணைச்சா இறங்குது. மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா?"

இல்லை. விளக்குக்கும் தண்ணீர்ச் சூட்டுக்கும் சம்பந்தமில்லை, எர்த்துக்குத்தான் சம்பந்தம். டேஷ்போர்டு மீட்டரின் எர்த் வயர் தளர்ந்திருக்கும் அல்லது துருப்பிடித்திருக்கும். விளக்கின் கரண்ட் அதே வழியாகப் போகப் பார்த்து மீட்டரை ஏமாற்றுகிறது. பாடியில் போல்ட் போடும் இடத்தை எமெரி தாள் வைத்துத் தேய்த்து இறுக்குங்கள். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் பட்டை எர்த்தையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் துப்பாக்கியால் தெர்மோஸ்டாட் இருக்கும் உறையில் அளந்து முள்ளோடு ஒப்பிடுங்கள்.

நெற்றிக்குக் காட்டுவது வேண்டாம்.

மார்ச் 9

புதிதாக ஒருவர்: அவருடைய பிக்கப் டவுன் சிக்னலில் மட்டும் ஹீட் ஆகிறது, மலையில் ஒன்றும் இல்லை. மேலே இருப்பதைப் படித்துவிட்டுக் கீழ் ஹோஸ் வாங்கப் போகிறாராம். வாங்காதீர்கள். உங்களுக்கு ஃபேன் கிளட்ச்சும் ஃபேன் கவரும்தான் முதலில். பிப்ரவரி 11-ஐப் படியுங்கள், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு.